ஒரு திறவுகோலும் பல கதவுகளும்

கல்லூரியின் விழா மலரிலே தமிழாசிரியர் ஒருவர் எழுதுங் கட்டுரை இலக்கியம் பற்றியதாகவோ சமயம் பற்றியதாகவோ இருத்தல் வேண்டுமென்பது பலரும் எதிர்பார்ப்பதொன்றாம். யாமும் அவ்வாறே எழுதக் கருதியிருந்தோம். ஆயின், சென்ற தவணையில் எம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நேர்ந்த இடர் எம் எண்ணத்தை வேறு திசையிற் செலுத்திவிட்டது.

அவன் உயர்தர வகுப்பிற் பயில்பவன். பிறநாட்டு இணையத்தளமொன்று இலவசமாக நடத்தும் கணினிக் கல்விப் பாடநெறியொன்றை ஏழு மாதகாலம் இரவு தோறும் கற்று வந்தான். இன்னும் இரண்டு பாடங்களே எஞ்சியிருந்தன. அவை முடிந்தாற் சான்றிதழ் கிடைக்கும். அந்நிலையில் ஒருநாள் அவனுடைய சமூக வலைத்தளக் கணக்கை யாரோ களவாடிவிட்டனர். நண்பன் ஒருவனின் பெயரால் வந்த செய்தியை நம்பித் தன் தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை அவன் அனுப்பியதே அதற்குக் காரணமாயிற்று. சமூக வலைத்தளக் கணக்குப் போனதை அவன் பெரிதாக எண்ணினானல்லன். மறுநாட் பாடநெறித் தளத்தின் வாயிலுக்குச் சென்றபோதுதான் அதுவும் பூட்டிக் கிடக்கக் கண்டான். ஏனெனில், முதல்நாளில் அத்தளத்துக்குத் தனியாகக் கடவுச்சொல் ஒன்று அமைத்துக்கொள்ளாமல், சமூக வலைத்தளக் கணக்கின் வழியாகவே அவன் உள்ளே நுழைந்திருந்தான். ஒரு திறவுகோல் தொலையவே இரண்டு கதவுகள் அடைபட்டன.

முறையீட்டுக் கடிதம் எழுதுவதற்கு உதவி நாடி வகுப்பாசிரியர் என்ற முறையில் அவன் எம்மிடம் வந்தான். கடிதம் எழுதுமுன் நிகழ்ந்தது யாதென விளங்கிக் கொள்ள வேண்டியிருந்தது. கணினிக் கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரிய நண்பரின் துணையோடு அதனைக் கற்றோம். அவ்வாறு கற்றதனை மாணவருக்கும், கடல்கடந்து வாழும் பழைய மாணவருக்கும், எம் உடனாசிரியர்க்கும் பயன்படுமாறு இங்கே தொகுத்துக் கூறுவாம்.

கடவுச்சொல் என்னுஞ் சுமை

கணினியைப் பயன்படுத்துவோர் தம் பெயரையும் மறைச்சொல் ஒன்றையும் கூறி உட்புகும் வழக்கம் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1961ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பெர்னாண்டோ கோர்பற்றோ என்பவரும் அவர்தங் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே காலத்திற் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்றை அமைத்துக் காட்டினர். ஒருவரது வேலையை மற்றொருவர் காணாதிருத்தற் பொருட்டும், அவரவர்க்கு ஒதுக்கிய நேரத்தைக் கணக்கிடுதற் பொருட்டும் அதிலே கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டது. அதன் பின் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 1962ஆம் ஆண்டில் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அலன் செர் என்பவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் யாவும் எழுதப்பட்டிருந்த கோப்பினை அச்சிடுவித்து எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் தோன்றிய சிறிது காலத்துள்ளேயே கடவுச்சொற் களவும் தோன்றிவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

அக்காலத்தில் ஒருவருக்கு ஒரு கணினி, ஒரு கடவுச்சொல். இணையம் பரவிய பின்னரோ நிலைமை முற்றாக மாறிற்று. மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, புத்தகம் வாங்கும் கடைக்கு ஒன்று, பரீட்சை விண்ணப்பத்துக்கு ஒன்று, பத்திரிகை படிப்பதற்கு ஒன்று என எண்ணிறந்த மறைச்சொற்களை மனிதன் நினைவில் வைத்திருக்க வேண்டியவனானான். நினைவாற்றல் அத்துணை வளரவில்லை. ஆகவே, பெரும்பாலார் ஒரே சொல்லையே எல்லாத் தளங்களுக்கும் வைப்பாராயினர்.

இதனால் விளையுந் தீங்கு சிறிதன்று. ஒரு சிறு தளத்தின் காவல் தளர்ந்து அங்கிருந்த கடவுச்சொற்கள் களவு போனால், கள்வர் அவற்றைக் கொண்டு மின்னஞ்சல், வங்கி முதலிய பிற வாயில்களையும் தட்டிப் பார்ப்பர். 2012ஆம் ஆண்டிலே லிங்டின் என்னும் தொழிற்றொடர்புத் தளத்திலிருந்து ஏறக்குறைய 65 இலட்சம் கடவுச்சொற்களின் மறைவடிவங்கள் வெளியாயின. களவு போனவை உண்மையில் 10 கோடிக்கும் மேற்பட்டவை என்பது 2016ஆம் ஆண்டிலேதான் தெரியவந்தது. அத்தளத்திலும் தம் மின்னஞ்சலிலும் ஒரே சொல்லை வைத்திருந்தவர் தம் கதவு திறந்து கிடப்பதை அறியாமலே நான்கு ஆண்டுகள் இருந்திருப்பர்.

ஒரே கணக்கு என்னும் எண்ணம்

பல திறவுகோல்களைச் சுமப்பதிலும் நம்பத்தகுந்த ஓரிடத்திலே ஒரு கணக்கை வைத்து, அதன் சான்றைக் கொண்டு ஏனைய இடங்களுக்குள் நுழைந்தாலென்ன என்னும் எண்ணம் இத்தொல்லையிலிருந்தே பிறந்தது. 1999ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனம் ‘பாஸ்போட்’ என்னும் பெயரால் அத்தகைய முறையொன்றைத் தொடங்கிற்று. ஒரு நிறுவனத்தின் கையிலே எல்லோருடைய அடையாளமும் குவிவதைப் பலர் விரும்பவில்லை. அதனால் அது எதிர்பார்த்தவாறு பரவவில்லை. அடுத்து, 2005ஆம் ஆண்டில் பிராட் பிற்ஸ்பற்றிக் என்பவர் ‘ஓபின் ஐடி’ என்னும் பொதுமுறையை வகுத்தார். எவரும் எந்த நிறுவனத்தையும் தமக்குச் சான்றாளராகத் தெரிந்துகொள்ளலாம் என்பது அதன் கொள்கை. கொள்கை நன்று, எனினும் பொதுமக்களுக்கு அது எளிதில் விளங்கவில்லை.

அக்காலத்தில் மற்றொரு தீய வழக்கமும் நிலவிற்று. புதிய தளமொன்றிற் சேர்பவரிடம், “உம் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருவோம், உமது மின்னஞ்சற் கடவுச்சொல்லைத் தருக” என்று அத்தளங்கள் கேட்டன. மக்களும் கொடுத்தனர். ஒரு புத்தகத்தை எடுத்து வரும்படி ஒருவரை அனுப்புவதற்கு வீட்டுத் திறவுகோலையே அவர் கையிற் கொடுப்பதனை ஒத்தது இது. இதனை ஒழித்தற் பொருட்டு 2007ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஓஓத்’ என்னும் விதிமுறை வெளியாயிற்று. வீட்டுத் திறவுகோலைக் கொடாமல், “இவர் இந்த ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துச் செல்லலாம்” என்று சீட்டு எழுதிக் கொடுப்பது அவ்விதியின் சாரமாகும்.

2008ஆம் ஆண்டிலே முகநூல் நிறுவனம் தன் உறுப்பினர்கள் பிற தளங்களிலும் தம் முகநூற் கணக்காலேயே நுழையுமாறு வழிசெய்தது. 2009ஆம் ஆண்டில், இன்று எக்ஸ் எனப் பெயர் மாறியுள்ள ருவிற்றரும் அவ்வாறு செய்தது. கூகுளும் தன் கணக்கை இப்பணிக்கு உரியதாக்கிற்று. 2012ஆம் ஆண்டில் ஓஓத் விதியின் இரண்டாம் வடிவமும், 2014ஆம் ஆண்டில் அதன்மேற் கட்டப்பட்ட ‘ஓபின் ஐடி கனெக்ற்’ என்னும் அடையாள விதியும் வெளிவந்தன. 2019ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனமும் இவ்வரிசையிற் சேர்ந்தது. “கூகுள் மூலம் தொடர்க”, “முகநூல் மூலம் தொடர்க” என இன்று எங்கும் காணப்படும் பொத்தான்களின் பிறப்பு வரலாறு இதுவேயாம்.

உள்ளே நிகழ்வது யாது?

அப்பொத்தானை அழுத்தியதும் தம் கடவுச்சொல் அப்புதிய தளத்துக்குப் போய்விடுகின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உண்மை முறையை எம் கல்லூரி வழக்கமொன்றினாலே விளக்குதல் எளிது.

பழைய மாணவர் ஒருவர் அலுவலகமொன்றில் வேலைக்கு விண்ணப்பிக்கின்றார் எனக் கொள்வோம். அவர் யாரென்பதை அவ்வலுவலகம் அறியாது. அவர் தம் கல்லூரி அதிபரிடஞ் சென்று நற்சான்றிதழ் பெறுகின்றார். அதிபர் அவரை நேரே அறிவார். ஆதலின் அவரைப் பார்த்து உறுதிசெய்து, “இவர் இன்னார்” என எழுதி, எந்த அலுவலகத்துக்கு எழுதப்பட்டது என்பதையும் திகதியையும் குறித்து, ஒப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுக்கின்றார். அலுவலகத்தார் முத்திரையைக் கண்டு நம்புகின்றனர். அதிபருக்கும் மாணவருக்கும் இடையே நடந்த உரையாடல் யாதும் அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

இணையத்திலும் இம்மூவரே உளர். விண்ணப்பதாரர் பயன்படுத்துவோராகிய நாம். அதிபர், கணக்கு வைத்திருக்கும் கூகுள், முகநூல் போன்ற நிறுவனம். அலுவலகம், நாம் புதிதாக நுழைய விரும்பும் தளம். அதிபரின் இடத்திலுள்ள நிறுவனத்தைச் சான்றாளர் என இக்கட்டுரையில் வழங்குவாம்.

புதிய தளம் முன்கூட்டியே சான்றாளரிடம் தன்னைப் பதிந்து, தனக்கென ஓர் இலக்கமும் இரகசியச் சொல்லொன்றும் பெற்றிருக்கும். நம்மைத் திருப்பி அனுப்பவேண்டிய முகவரியையும் அங்கே எழுதி வைத்திருக்கும். நாம் பொத்தானை அழுத்தியவுடன் அத்தளம் நம்மைச் சான்றாளரின் பக்கத்துக்கு அனுப்பிவிடுகின்றது. கடவுச்சொல்லை நாம் எழுதுவது அப்பக்கத்திலேயாம். புதிய தளத்தின் கண்ணுக்கு அது தென்படாது. முன்னரே நாம் சான்றாளரிடம் நுழைந்திருப்பின் கடவுச்சொல் மீண்டும் கேட்கப்படாமலும் இருக்கலாம்.

பின்பு சான்றாளர், “இத்தளம் உமது பெயர், படம், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் கேட்கின்றது, கொடுக்கலாமா?” என வினவுகின்றார். நாம் இசைந்தால், முன்பே பதியப்பட்ட முகவரிக்கு நம்மைத் திருப்பி அனுப்புகின்றார். அப்போது நம்மோடு ஒரு சிறு குறியீடும் செல்கின்றது. அது சொற்ப நேரமே செல்லுபடியாகும். ஒருமுறைக்கு மேற் பயன்படாது. புதிய தளம் அக்குறியீட்டையும் தன் இரகசியச் சொல்லையும் சான்றாளரிடம் நேரே காட்டி, இரண்டு சீட்டுகளைப் பெற்றுக்கொள்கின்றது. ஒன்று அடையாளச் சீட்டு; மற்றொன்று அனுமதிச் சீட்டு.

அடையாளச் சீட்டு மேற்சொன்ன நற்சான்றிதழை ஒத்தது. எழுதியவர் யார், எத்தளத்துக்கு எழுதப்பட்டது, எவரைப் பற்றியது, எந்நேரம் வரை செல்லும் என்பன அதிலே உள. அதிபரின் முத்திரைக்குப் பதிலாக அதிலே கணித முறையால் அமைந்த ஒப்பம் இருக்கும். சான்றாளரிடம் மறைவாக உள்ள எண்ணாலேயே அவ்வொப்பத்தை இடமுடியும். ஆயின், அனைவர்க்கும் வெளியிடப்பட்ட மற்றோர் எண்ணைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். அனுமதிச் சீட்டோ, நாம் இசைந்த விவரங்களை மட்டும் சான்றாளரிடமிருந்து எடுப்பதற்குரியது. வேண்டும்போது அதனை நாம் இரத்துச் செய்யலாம். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் இவ்வாறு பகுதியளவிற் கொடுத்தலும் மீட்டலும் இயலா என்பதைச் சிந்தித்தால் இம்முறையின் சிறப்பு விளங்கும்.

நன்மைகள்

சிறு தளங்கள் பல, கடவுச்சொற்களைக் காக்கும் வல்லமையும் பொருள்வளமும் இல்லாதவை. அவற்றிடம் நம் கடவுச்சொல் இல்லையாயின் அங்கே களவு நிகழ்ந்தாலும் கடவுச்சொல் களவு போதற்கு இடமில்லை. இது முதல் நன்மை. பத்து இடங்களிற் பத்துப் பூட்டுகளைப் பார்ப்பதிலும் ஓரிடத்திலே உறுதியான பூட்டொன்றை இட்டு, அதற்கு இரண்டாங் காவலும் வைத்தல் எளிது. இது இரண்டாவது. முதுமையினால் மறதி மிக்கோரும் கணினிப் பழக்கம் குறைந்தோரும் இடர்ப்படாது நுழையலாம் என்பது மூன்றாவது.

ஆகவே, இப்பொத்தானை அழுத்துவதே தவறு எனக் கூறுதல் எம் கருத்தன்று. எம் மாணவன் கெட்டது பொத்தானை அழுத்தியதனாலன்று. அழுத்தும்போது எதனை யாரிடம் ஒப்படைக்கின்றோம் என்பதனை அறியாமையினாலேயே.

தீமைகள்

முதலாவது தீமை, சான்றாளரின் கணக்கு வீழ்ந்தால் அதனோடு கட்டிய யாவும் வீழும் என்பது. இது தனியொருவரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. 2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் முகநூலின் ஓர் உறுப்பிலே இருந்த வழுவினைப் பயன்படுத்திக் கள்வர் அனுமதிச் சீட்டுகளைக் களவாடினர். ஏறக்குறைய 5 கோடி கணக்குகள் பாதிக்கப்பட்டன என அந்நிறுவனம் முதலிற் கூறிப் பின்பு ஏறக்குறைய 3 கோடி எனத் திருத்திற்று. முன்னெச்சரிக்கையாக 9 கோடிப் பேரின் சீட்டுகள் செல்லாதனவாக்கப்பட்டன. அச்சீட்டுகளைக் கொண்டு பிற தளங்களுக்குள்ளே கள்வர் புகுந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை என அந்நிறுவனம் அறிவித்தது. ஆயினும், ஒரு வாயிலில் ஏற்பட்ட வெடிப்பு எத்துணை வாயில்களுக்கு அச்சமாகக்கூடும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இரண்டாவது, களவு ஏதும் இன்றியே வாயில் அடைபடுதல். 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் திகதி, வழக்கமான பராமரிப்பு வேலையின்போது இடப்பட்ட பிழையான கட்டளையினாலே முகநூலின் கணினி நிலையங்கள் உலகத்தோடு கொண்ட தொடர்பை இழந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் முகநூல் இல்லை. முகநூற் கணக்கால் நுழையும் பிற தளங்களின் வாயிலிலும் மக்கள் காத்து நின்றனர். எம் நாட்டினர்க்கு இதற்கு வேறோர் அனுபவமும் உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும், 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலும், 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலும் இலங்கையிலே சமூக வலைத்தளங்கள் அரசினால் தற்காலிகமாக முடக்கப்பட்டன. செய்தி பரவாது தடுத்தற்கென்று பூட்டப்படும் கதவின் பின்னாலே கல்வி, தொழில் முதலியவற்றின் கதவுகளும் தொடுக்கப்பட்டிருப்பின், அவையும் அன்றே பூட்டப்பட்டனவாகும். தடையின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. பாடம் படிக்கும் வழியை அரட்டையடிக்கும் வழியோடு பிணைத்தல் தகாது என்பதே யாம் கூற வந்தது.

மூன்றாவது, கேட்பதனை எல்லாம் கொடுத்துவிடுதல். 2013ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன் என்பவர் மனித இயல்பை அளக்கும் வினாவிடைச் செயலியொன்றை அமைத்தார். ஏறக்குறைய 3 இலட்சம் பேர் தம் முகநூற் கணக்கால் அதனுள் நுழைந்தனர். அக்காலத்து முகநூல் விதி, நுழைந்தவரின் விவரங்களோடு அவர்தம் நண்பர்களின் விவரங்களையும் எடுக்க இடந்தந்தது. அதனால் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள், கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குத் தகாத முறையிற் சென்றிருக்கலாமென 2018ஆம் ஆண்டில் முகநூல் ஒப்புக்கொண்டது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்க வாணிப ஆணைக்குழு அந்நிறுவனத்துக்கு 500 கோடி டொலர் தண்டம் விதித்தது. நண்பரின் விவரங்களை அள்ளிக்கொடுக்கும் அவ்விதி இன்றில்லை. ஆனால், தான் அழுத்திய பொத்தானால் தன் நண்பரும் பாதிக்கப்பட்டனர் என்பது அவர்களுள் எத்தனை பேருக்கு அன்று தெரிந்திருக்கும்?

நான்காவது, நம் போக்குவரவு அறியப்படுதல். எந்தத் தளத்துக்கு எப்போது சென்றோம் என்பது ஒவ்வொரு முறையும் சான்றாளருக்குத் தெரியவரும். நற்சான்றிதழ் கேட்டு வருவோரிடம் “எந்த அலுவலகத்துக்கு?” என அதிபர் கேட்டல் முறையே. ஆனால், கேட்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, அதனைக் கொண்டு விளம்பரம் விற்பாராயின் நாம் அதனை விரும்புவோமா? விளம்பரத்தால் வாழும் நிறுவனங்களைச் சான்றாளராகக் கொள்ளுமிடத்து இதனை மறத்தலாகாது.

ஐந்தாவது தீமை பழைய மாணவர்க்குச் சிறப்பாக உரியது. பல்கலைக்கழகமோ பணிபுரியும் அலுவலகமோ கொடுத்த மின்னஞ்சற் கணக்கு நமதன்று, அந்நிறுவனத்தினது. படிப்பு முடிந்தபோது, அல்லது வேலையை விட்டு விலகியபோது, அது மூடப்படலாம். அதன் வழியாக நுழைந்த தளங்களும் அத்தோடு கைநழுவும். சொந்தக் கணக்கும் என்றும் நிலைப்பதன்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாது விடப்பட்ட தனியாள் கணக்குகளை நீக்கும் உரிமையைக் கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு டிசெம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கிற்று.

செய்யத்தக்கன

இனி, யாம் கற்றவற்றிலிருந்து எம் மாணவர்க்குக் கூறிய அறிவுரைகளை இங்கே தருகின்றோம்.

ஒன்று: சான்றாளராகக் கொள்ளும் கணக்குக்கு வேறெங்கும் வைக்காத நீண்ட கடவுச்சொல்லும் இரண்டாங் காவலும் அமைத்தல் வேண்டும். இரண்டாங் காவலாவது, கடவுச்சொல்லோடு நம் கைத்தொலைபேசியிலே தோன்றும் எண்ணையும் கேட்டல். அவ்வெண்ணை, கேட்பவர் தாயேயாயினும், செய்தி மூலம் அனுப்புதல் கூடாது. தாயின் பெயரால் கேட்பவர் தாயென்பதற்கு உறுதி இல்லை.

இரண்டு: அக்கணக்கிலே தொலைபேசி இலக்கத்தோடு மின்னஞ்சல் முகவரியும் பதிந்திருத்தல் வேண்டும். எம் மாணவன் தன் சமூக வலைத்தளக் கணக்கைத் தொலைபேசி இலக்கத்தைக் கொண்டே திறந்தவன்; மின்னஞ்சல் கொடுத்திலன். அதனாற் பாடநெறித் தளத்துக்கும் அவனுடைய முகவரி யாதும் போய்ச்சேரவில்லை. அவனை அவனென்று காட்ட அத்தளத்திடம் சான்றாளரின் சீட்டன்றி வேறொன்றும் இல்லாது போயிற்று.

மூன்று: நுழைந்த பின்னர், அத்தளம் இடந்தருமாயின், அங்கே தனிக் கடவுச்சொல் ஒன்றையும் அமைத்து, அதனை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்தல் நன்று. பிறநாட்டுக் கள்வன் நம் வீட்டு அலுமாரியைத் திறக்க மாட்டான்.

நான்கு: வங்கி, பரீட்சை, வேலை விண்ணப்பம், மருத்துவம் என்பனவற்றுக்குச் சமூக வலைத்தளக் கணக்கைப் பயன்படுத்தலாகாது. இழந்தால் வருந்தத்தக்க எதனையும் தனித் திறவுகோலாலேயே பூட்டுதல் வேண்டும்.

ஐந்து: இசைவு கேட்கும் பக்கத்தை வாசித்தல் வேண்டும். பெயரும் மின்னஞ்சலும் கேட்டல் இயல்பு. மின்விளக்குச் செயலி நண்பர் பட்டியலைக் கேட்டால் ஏனென்று வினவுதல் வேண்டும். மின்னஞ்சல் முகவரியையும் மறைக்க விரும்புவோர்க்கு அப்பிள் நிறுவனத்தின் முறையிலே மாற்று முகவரியொன்றை வழங்கும் வசதி உண்டு.

ஆறு: கடவுச்சொல் எழுதுமுன் பக்கத்தின் தலையிலுள்ள முகவரியைப் பார்த்தல் வேண்டும். கூகுளின் பக்கத்தைப் போலவே போலிப் பக்கத்தைத் தீட்டுதல் எளிது. கூகுளின் முகவரியைப் பெறுதல் எளிதன்று.

ஏழு: தவணைக்கு ஒருமுறையேனும் சான்றாளரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, இணைக்கப்பட்டுள்ள செயலிகளும் இணையத்தளங்களும் என்னும் பட்டியலைப் பார்த்து, வேண்டாதனவற்றை நீக்குதல் வேண்டும். நீக்கினால் அத்தளம் புதிதாக விவரம் எடுத்தல் நிற்கும். முன்பு எடுத்துக்கொண்டவை அழியமாட்டா. அவற்றை அழிக்குமாறு அத்தளத்தையே தனியாகக் கேட்டல் வேண்டும். இலங்கைப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விவரங்களைக் கேட்டறியவும், பிழை திருத்துவிக்கவும், அழிப்பிக்கவும் உரியவர்க்குள்ள உரிமைகளை வகுத்துரைக்கின்றது. உரிமையை அறிந்தவனே அதனைக் கேட்கவும் வல்லவனாவான்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பழைய மாணவர் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், நிழற்படத் தொகுப்பு, விழாக் கணக்கு என்பன இன்று இணையத்திலேயே வைக்கப்படுகின்றன. பெரும்பாலும் ஆர்வமிக்க செயலாளர் ஒருவர் தம் சொந்தச் சமூக வலைத்தளக் கணக்கால் நுழைந்து அவற்றைத் தொடங்குவர். அவர் பணி பாராட்டுதற்குரியது. ஆயின், அவர் பதவி விலகினாலோ, நோயுற்றாலோ, எம்மை விட்டுப் பிரிந்தாலோ அக்கதவைத் திறப்பவர் யார்? கல்லூரி அலுவலகத்து அலுமாரியின் திறவுகோல் அதிபரிடம் ஒன்றும் பிரதான இலிகிதரிடம் ஒன்றுமாக இருத்தலை யாம் அறிவோம். அவ்வொழுங்கு இணையத்துக்கும் வேண்டும். சங்கத்தின் பெயரால் மின்னஞ்சற் கணக்கொன்று திறந்து, அதனைக் கொண்டே எல்லாவற்றையும் பதிந்து, கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் இருவரிடம் ஒப்படைத்தல் தகும். பொறுப்பு மாறும் ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் கணக்குப் புத்தகத்தோடு அவ்வுறையையும் கையளித்தல் தகும். எம் முன்னோர் விட்டுச்சென்ற படங்கள் கறையான் அரித்து அழிந்தமைக்கு வருந்தும் யாம், இன்றைய படங்களைத் திறக்கவியலாப் பூட்டுக்குள் இட்டு அழிப்போமாயின் நம் பின்னோர் நம்மை மன்னியார்.

எம் மாணவனின் கதையை முடித்துவிடுவாம். முறையீட்டுக் கடிதத்தை அவனும் யாமும் சேர்ந்து எழுதினோம். மூன்று வாரங்களின் பின்னர் மறுமொழி வந்தது. அவனுடையதென உறுதிசெய்ய வழியில்லாமையால் அக்கணக்கைத் திறந்துகொடுத்தல் இயலாதென மரியாதையாக எழுதியிருந்தனர். அவர்கள் செய்தது தவறென்றும் கூறுதற்கில்லை. கேட்டவர் யாவர்க்கும் திறந்துகொடுக்குங் காவலன் காவலனல்லன். அவன் சிலநாள் சோர்ந்திருந்தான். பின்பு தன் மின்னஞ்சலையும் தனிக் கடவுச்சொல்லையும் கொண்டு அப்பாடநெறியை முதலிலிருந்து தொடங்கினான். ஏழு மாதமும் அவன் கையால் எழுதி வைத்திருந்த குறிப்புக் கொப்பிகள் நான்கு இருந்தன. அவற்றின் துணையால் முன்பு ஏழு மாதத்திற் கற்றதனை இம்முறை ஏழு வாரத்திற் கடந்துவிட்டான்.

இப்பொழுது வெள்ளிக்கிழமை தோறும் பாடசாலை விட்டபின் அவன் கணினிக் கூடத்தில் அமர்ந்திருக்கின்றான். கீழ்வகுப்பு மாணவர் ஒவ்வொருவராக வந்து, தத்தம் கணக்குகளோடு கட்டுண்டுள்ள தளங்களின் பட்டியலை அவன் முன்னிலையிற் பார்த்து, வேண்டாதனவற்றை நீக்கிச் செல்கின்றனர். சென்ற வாரம் யாமும் அவ்வரிசையில் நின்றோம். எம் பட்டியலிலே பதினொரு தளங்கள் இருந்தன. அவற்றுள் எட்டினை யாம் எப்போது திறந்தோம் என்பது எமக்கே நினைவில்லை.